பாய்ரோ சீரியலில் வரும் அந்த விஷ நோட்டு

1/
அகதா கிறிஸ்டியின் 'பாய்ரோ' சீரியல் பார்த்திருக்கீங்களா? முட்டை வடிவத் தலை, மெழுகு போட்டு முறுக்கிய மீசை, ஒரு தூசி பட்டாலும் பதறிப்போற பெல்ஜியம்காரர். டேவிட் சூஷே நடிச்சது. பிரிட்டனின் ஐடிவி சேனலில் 1989ல் ஆரம்பிச்சு 2013 நவம்பரில் முடிஞ்சது. மொத்தம் 13 சீசன், 70 எபிசோட். கதாபாத்திரம் சரியா வரணும்னு சூஷே நாவல்களைப் படிச்சுப் படிச்சு பாய்ரோவின் பழக்கவழக்கங்களை 93 குறிப்புகளா எழுதி வச்சிருந்தாராம்.

2/
துப்பறியும் சீரியல் பார்க்கிறவங்க எல்லாரும் கொலைகாரன் யார்னு தேடுவாங்க. மருத்துவர்கள் கொஞ்சம் வேற மாதிரி பார்ப்போம். என்ன விஷம், எத்தனை மணி நேரத்தில் வேலை செஞ்சது, அறிகுறி பொருந்துதா இல்லையா, இப்படி. இன்னைக்கு இந்த சீரியலில் வரும் ஒரு சின்னப் பொருளைப் பத்திப் பேசலாம். ஒரு மருந்துக் கடை நோட்டு.

கவலைப்படாதீங்க, கொலைகாரன் யார்னு எங்கேயும் சொல்ல மாட்டேன். நீங்க பார்க்காத எபிசோடா இருந்தாலும் தைரியமாப் படிக்கலாம்.

3/
'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'. கிறிஸ்டியின் முதல் நாவல், பாய்ரோவின் முதல் கதை. கிறிஸ்டி பிறந்து 100 வருஷம் ஆனதை ஒட்டி 1990 செப்டம்பரில் இதை முழுநீள எபிசோடா ஒளிபரப்பினாங்க.

முதல் உலகப் போர் நடக்கிற காலம். பணக்காரப் பெரியம்மா ஒருத்தங்க விடியற்காலையில் படுக்கையில் வில் மாதிரி வளைஞ்சு வலிப்பு வந்து இறந்துபோறாங்க. ஸ்ட்ரிக்னின் விஷம்னு சந்தேகம்.

4/
ஊரில் இருக்கிறது ஒரே மருந்துக் கடை. நாய்க்கு வைக்கணும்னு சொல்லி ஒருத்தர் ஸ்ட்ரிக்னின் வாங்கிட்டுப் போயிருக்கார். கடைப் பையன் சும்மா கொடுத்துடலை. ஒரு நோட்டை எடுத்து கையெழுத்து வாங்கியிருக்கான். பாய்ரோ அந்தக் கையெழுத்தை வச்சுக்கிட்டுத்தான் பல முடிச்சுகளை அவிழ்க்கிறார்.

திரையில் கொஞ்ச நேரம்தான் வரும் அந்த நோட்டு. ஆனா அது அந்தக் கடைக்கு வந்து சேர்ந்ததுக்குப் பின்னாடி பல வருஷக் கதை இருக்கு. நிறையப் பேர் செத்ததுக்கு அப்புறம் வந்த நோட்டு அது.

5/
முதலில் ஆர்சனிக். தமிழில் பாஷாணம்னு சொல்ற வகை. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வெள்ளைப் பாஷாணம் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். எலிக்கு வைக்க, ஈயை ஒழிக்க, ஆட்டின் உண்ணியைக் கொல்ல, சுவரில் ஒட்டும் பச்சைக் காகிதத்துக்கு நிறமேத்த, எல்லாத்துக்கும் அதுதான். விலையும் ரொம்ப மலிவு.

பார்க்க மாவு மாதிரி, சர்க்கரை மாதிரி இருக்கும். வாசனை கிடையாது, சுவையும் பெருசா தெரியாது.

6/
அதைச் சாப்பிட்டவருக்கு என்ன ஆகும்? வாந்தி, வயித்துவலி, தண்ணி தண்ணியாப் பேதி. 1831ல் இங்கிலாந்துக்குள் காலரா நுழைஞ்சது. காலராவுக்கும் இதே அறிகுறிதான். பக்கத்துத் தெருவிலேயே நாலு பேர் காலராவில் போயிருக்கும்போது, ஐந்தாவது ஆளின் மரணத்தை யார் சந்தேகப்படுவாங்க? மருத்துவரும் 'வயிற்றுக் காய்ச்சல்'னு எழுதிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவார்.

சொத்துக்காகக் கொல்ல நினைச்சவங்களுக்கு இதைவிட வசதி வேறென்ன வேணும்? 'வாரிசுப் பொடி'ன்னே ஆர்சனிக்குக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது.

7/
1830களின் தொடக்கத்தில் ஜான் பாடில்னு ஒரு இளைஞன் தன் தாத்தாவுக்குக் காபியில் ஆர்சனிக் கலந்து கொடுத்ததா வழக்கு. ஜேம்ஸ் மார்ஷ்ங்கிற வேதியியலாளர் சோதனை செஞ்சார். ஆர்சனிக் இருக்குன்னு காட்டும் மஞ்சள் படிவு வந்தது. ஆனா நீதிமன்றத்துக்குக் கொண்டு போறதுக்குள்ள அது கெட்டுப்போச்சு. ஜூரிகள் நம்பலை. பாடில் விடுதலை. பின்னாளில் அவனே நான்தான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டான்.

8/
மார்ஷுக்கு அது பொறுக்கலை. உட்கார்ந்து வேற முறை கண்டுபிடிச்சார். 1836ல் வெளியிட்டார். சந்தேகத்துக்குரிய பொருளோட துத்தநாகத்தையும் அமிலத்தையும் சேர்த்தா, ஆர்சனிக் இருந்தா ஆர்சீன் வாயு வரும். அதைச் சூடாக்கினா கண்ணாடியில் பளபளன்னு கறுப்புக் கண்ணாடிப் பூச்சு மாதிரி உலோகம் படியும். ரொம்ப நுண்ணிய அளவு இருந்தாலும் காட்டிக் கொடுத்துடும். ஜூரி கண்ணால் பார்க்கலாம், கெட்டும் போகாது.

1840ல் பிரான்ஸில் மரி லஃபார்ஜ் வழக்கில் ஆர்ஃபிலாங்கிற விஷவியல் நிபுணர் இந்தச் சோதனையை வச்சு சாட்சி சொன்னார். ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்ட வழக்கு அது.

9/
சரி, கொலையைக் கண்டுபிடிக்க வழி வந்தாச்சு. ஆர்சனிக் சாவு நின்னுதா?

நிக்கலை. செத்தவரைத் தோண்டி எடுத்துச் சோதிச்சா விஷம் இருக்குன்னு இப்ப தெரியுது, அவ்வளவுதான். போனவர் போனவர்தானே. 1840களில் எசெக்ஸ் பகுதியில் அடுத்தடுத்து விஷ வழக்குகள். சாரா செஷம் என்ற பெண்ணை 1851 மார்ச்சில் தூக்கிலிட்டாங்க. நாடே பதறிப்போச்சு.

அப்பத்தான் பார்லிமென்ட் வேற கேள்வி கேட்டது. கொன்னவனை எப்படிப் பிடிக்கிறதுன்னு மட்டும் யோசிக்கிறோமே, இது ஏன் இவ்வளவு சுலபமா கைக்குக் கிடைக்குது?

10/
அதே 1851ல் ஆர்சனிக் சட்டம் வந்தது. அதில் இருந்த விதிகளைப் பாருங்க.

விற்கிறவருக்குத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் விற்கணும், இல்லைன்னா தெரிஞ்ச சாட்சி ஒருத்தர் கூட வரணும்.
வாங்கறவர் வயது வந்தவரா இருக்கணும்.
பெயர், முகவரி, தேதி, எவ்வளவு, எதுக்கு, எல்லாத்தையும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கணும்.
சில்லறையா விற்கும் ஆர்சனிக்கில் கரிப்பொடியோ அவுரி நீலமோ கலக்கணும்.

11/
கடைசி விதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சர்க்கரை மாதிரி வெள்ளையா இருந்தாத்தானே தெரியாமல் கலந்திடும்? கறுப்பாவோ நீலமாவோ ஆக்கிட்டா கஞ்சியில் போட்டாலே காட்டிக் கொடுத்துடுமே. யாரையும் ஜெயிலில் போடலை, யாருக்கும் புத்தி சொல்லலை. பொருளை மட்டும் கொஞ்சம் மாத்தினாங்க.

இந்தச் சட்டத்தில் பெண்களுக்கு ஆர்சனிக் விற்கவே கூடாதுன்னு ஒரு பிரிவையும் சேர்க்கப் பார்த்தாங்க. தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் அதைக் கண்டிச்சு உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. பயத்தில் போடும் சட்டத்தில் இப்படியும் சிலது நுழையும், கவனமா இருக்கணும்.

12/
சட்டத்தில் ரெண்டு ஓட்டை இருந்தது. ஒண்ணு, ஆர்சனிக்குக்கு மட்டும்தான் அது பொருந்தும். ரெண்டு, யார் விற்கலாம்னு அது சொல்லலை.

முதல் ஓட்டையின் விலை 1855ல் தெரிஞ்சது. இந்த இடத்தில் நம்ம ஊர் மரம் ஒண்ணு கதைக்குள் வருது.

13/
எட்டி மரம் தெரியுமா? எட்டி பழுத்தா யாருக்கு என்ன லாபம்னு நம்ம பழமொழியே இருக்கு. பழம் ஆரஞ்சு நிறத்தில் அழகா இருக்கும், ஆனா ஒருத்தருக்கும் ஆகாது. அதன் விதைதான் எட்டிக்கொட்டை. ஸ்ட்ரிக்னோஸ் நக்ஸ்வாமிகா. சித்த மருத்துவத்தில் முறையா சுத்தி செஞ்ச பிறகே பயன்படுத்துவாங்க. இந்தியாவில் இருந்து இந்த விதை கப்பல் ஏறி ஐரோப்பா போச்சு.

1818ல் பிரான்ஸில் பெல்லட்டியேவும் காவன்டூவும் இந்தக் குடும்பத்துத் தாவரத்தில் இருந்து ஸ்ட்ரிக்னினைப் பிரிச்செடுத்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு குயினினைப் பிரிச்சதும் இதே ரெண்டு பேர்தான். ஒரே கைகளில் இருந்து ஒரு கொடிய விஷம், ஒரு உயிர்காக்கும் மருந்து.

14/
ஸ்ட்ரிக்னின் உடம்பில் என்ன செய்யும்? நம்ம தண்டுவடத்தில் கிளைசின்னு ஒரு வேதிப்பொருள் பிரேக் மாதிரி வேலை செய்யுது. கையை மடக்கும்போது, நீட்டும் தசை தளர்ந்து வழிவிடணும் இல்லையா? அந்த ஒழுங்கைக் காக்கிறதில் அதுக்குப் பெரிய பங்கு. ஸ்ட்ரிக்னின் போய் அந்த பிரேக்கை அடைச்சுடும். எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இறுகும். கதவு சத்தம், விளக்கு வெளிச்சம், லேசான தொடுதல் போதும், அடுத்த இழுப்பு வந்துடும். முதுகு வில்லா வளையும்.

கொடுமை என்னன்னா, நினைவு தப்பாது. கடைசிவரை எல்லாம் தெரியும். மூச்சுத் தசைகள் இறுகி மூச்சு நின்னு மரணம்.

15/
இந்த அறிகுறி மருத்துவ மாணவர்களுக்கு இன்னொரு நோயை ஞாபகப்படுத்தும். டெட்டனஸ். ரண ஜன்னி. தேர்வில் இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் கேட்பாங்க. டெட்டனஸ் நாள் கணக்கில் மெதுவா வரும், தாடை முதலில் பூட்டிக்கும், இழுப்புக்கு நடுவிலும் தசை இறுக்கமாவே இருக்கும். ஸ்ட்ரிக்னின் நிமிஷக் கணக்கில் வரும், இழுப்புக்கு நடுவில் தசை தளரும்.

இந்தக் கேள்வி பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம் மட்டும் இல்லை. ஒரு கொலை வழக்கின் முடிவே இதில்தான் தொங்கியது.

16/
1855 நவம்பர். ரூஜ்லி என்ற ஊர். வில்லியம் பாமர். தொழிலால் மருத்துவர், பழக்கத்தால் குதிரைப் பந்தயச் சூதாடி, கழுத்துவரை கடன். பந்தயத்தில் ஜெயிச்ச நண்பர் ஜான் பார்சன்ஸ் குக் விடுதி அறையில் இழுப்பு வந்து இறந்தார். பாமர்தான் மாத்திரை கொடுத்துப் 'பார்த்துக்கிட்டவர்'. பிரேதப் பரிசோதனையிலும் போய் நின்னார். வயிற்றை வச்சிருந்த ஜாடியின் மூடியில் பிறகு கீறல் இருந்தது.

ஆல்ஃபிரட் ஸ்வெய்ன் டெய்லர் என்ற பெரிய நிபுணர் சோதிச்சும் உடம்பில் ஸ்ட்ரிக்னின் கிடைக்கலை. இது டெட்டனஸ்னு பாமர் தரப்பு வாதாடியது.

17/
அப்ப ஸ்ட்ரிக்னின் வாங்கினதுக்கு என்ன ஆதாரம்? ஆர்சனிக் சட்டம் ஸ்ட்ரிக்னினுக்குப் பொருந்தாது. கையெழுத்துப் போட்டாகணும்னு கட்டாயம் இல்லை. 'எங்ககிட்ட வாங்கினார்'னு சொன்ன உதவியாளர்களின் ஞாபகத்தை நம்பி வழக்கு நடந்தது. உள்ளூர் ஜூரிகள் பாரபட்சமா இருப்பாங்கன்னு தனிச் சட்டமே போட்டு வழக்கை லண்டனுக்கு மாத்தினாங்க. சந்தர்ப்ப சாட்சியங்களை வச்சு 1856 ஜூனில் பாமருக்குத் தூக்கு.

பாமர் இன்னும் பலரைக் கொன்னிருப்பார்னு அன்னைக்கே பேச்சு. மருத்துவப் பட்டத்தைக் கையில் வச்சிருந்தவர் செஞ்ச வேலை இது. எங்க துறை மறக்கக் கூடாத பெயர்.

18/
ரெண்டாவது ஓட்டை 1858ல். பிராட்ஃபோர்ட் நகரம். மிட்டாய் செய்றவர் சர்க்கரைச் செலவை மிச்சப்படுத்த மலிவான ஒரு வெள்ளைப் பொடியைக் கலக்கிறது வழக்கம். அதை வாங்க ஆளனுப்பினார். கடையில் உரிமையாளருக்கு உடம்பு சரியில்லை. உதவியாளர் பீப்பாய் மாறி எடுத்துக் கொடுத்தது 12 பவுண்டு ஆர்சனிக். சந்தையில் அந்த மிட்டாயை வாங்கித் தின்னு சுமார் 20 பேர் செத்தாங்க, அதில் குழந்தைகளும் உண்டு. 200 பேருக்கு உடம்பு கெட்டது.

இதில் கொலைகாரனே கிடையாது. பாய்ரோ வந்தாலும் கைது செய்ய ஆள் இல்லை.

19/
1868ல் மருந்தியல் சட்டம் வந்தது. விஷப் பட்டியல் விரிஞ்சது, ஸ்ட்ரிக்னினும் சேர்ந்தது. தகுதி பெற்ற மருந்தாளுநர்தான் விற்கணும், லேபிளில் விஷம்னு எழுதணும், கொடிய விஷங்களுக்கு நோட்டில் பதிவும் கையெழுத்தும் கட்டாயம்.

ஸ்டைல்ஸ் எபிசோடில் அந்தப் பையன் நீட்டுற நோட்டு இதுதான். எசெக்ஸ் பிணங்கள், ரூஜ்லி விடுதி அறை, பிராட்ஃபோர்ட் மிட்டாய், எல்லாம் சேர்ந்து எழுதின நோட்டு.

20/
கிறிஸ்டிக்கு இது எல்லாம் எப்படித் தெரியும்? அவங்களே அந்தக் கவுன்ட்டருக்குப் பின்னாடி நின்னவங்க.

1914ல் போர் ஆரம்பிச்சதும் டார்க்கி நகர மருத்துவமனையில் தன்னார்வச் செவிலியரா சேர்ந்தாங்க. பிறகு மருந்து கொடுக்கும் பிரிவுக்கு மாறினாங்க. 1917ல் அதுக்கான தேர்வும் எழுதித் தேறினாங்க. மருந்து வாங்க ஆள் வராத நேரத்தில்தான் துப்பறியும் கதை எழுதும் யோசனை. சுத்திலும் அலமாரியில் விஷ பாட்டில், அப்ப கதையில் விஷம் வராமல் வேறென்ன வரும்?

பாய்ரோவும் அங்கிருந்து வந்தவர்தான். ஜெர்மானியப் படைக்குத் தப்பி பெல்ஜியத்தில் இருந்து சுமார் 2,50,000 அகதிகள் பிரிட்டனுக்கு வந்தாங்க. டார்க்கியிலும் தங்கினாங்க. உலகப் புகழ்பெற்ற துப்பறிவாளர் ஒரு போர் அகதி. இதை நாம அடிக்கடி மறந்துடறோம்.

21/
சுயசரிதையில் அவங்க சொல்ற ஒரு சம்பவம். பயிற்சி கொடுத்த மருந்தாளுநர் ஒருநாள் கணக்கில் தசமப் புள்ளியை மாத்திப் போட்டுட்டார். மருந்து அளவு பல மடங்கு. அவரோ பெரியவர், கர்வமுள்ளவர். இவங்களோ கத்துக்கிட்டிருக்கும் பெண். நேரா சொன்னா ஏத்துக்க மாட்டார். என்ன செஞ்சாங்க தெரியுமா? தடுக்கி விழற மாதிரி நடிச்சு தட்டோட கொட்டி, காலாலும் மிதிச்சுட்டாங்க.

நோயாளி தப்பிச்சார். ஆனா ஜூனியர் ஒருத்தர் 'சார், கணக்கு தப்பு'ன்னு வாய்விட்டுச் சொல்ல முடியாத இடம் ஆபத்தான இடம். நூறு வருஷம் கழிச்சும் எல்லா மருத்துவமனைக்கும் இது பாடம்தான்.

அதே மனிதர் க்யூராரே விஷக் கட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கிட்டு அலைவாராம். கேட்டா 'அது எனக்குப் பலம் வந்த மாதிரி இருக்கு'ங்கிற தோரணையில் பதில். 40 வருஷத்துக்கு அப்புறம் எழுதின 'தி பேல் ஹார்ஸ்' நாவலுக்கு அவர்தான் விதை.

22/
ஸ்டைல்ஸ் நாவலின் விஷ முடிச்சும் மருந்தாளுநர் பாடத்தில் இருந்து வந்ததுதான். விவரம் சொன்னா கதை போயிடும். தனித்தனியா கெடுதல் இல்லாத ரெண்டு மருந்து ஒண்ணா சேர்ந்தா என்ன ஆகும்ங்கிறதுதான் அடிப்படை. அந்தக் காலத்தில் ஸ்ட்ரிக்னினையே துளித்துளியா டானிக்கில் கொடுத்தாங்க என்பதையும் சேர்த்து யோசிங்க.

இது பழங்கதை இல்லை. ஐசியுவில் ஃபெனிடாயின் மருந்தை டெக்ஸ்ட்ரோஸில் கலந்தா படிகமா உறைஞ்சுடும். பச்சிளம் குழந்தைக்கு செஃப்ட்ரையாக்சோனும் கால்சியமும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு செவிலியரும் தினமும் கவனிக்கும் விஷயம்.

நாவலுக்கு மருந்தாளுநர்களின் பத்திரிகையில் பாராட்டு விமர்சனம் வந்தது. கிறிஸ்டி ரொம்பப் பெருமைப்பட்ட விமர்சனம் அது.

23/
'தி பேல் ஹார்ஸ்' 1961. பாய்ரோ இல்லாத கதை, இதுவும் டிவிக்கு வந்திருக்கு. அதில் வரும் விஷம் தேலியம். முடி கொத்துக் கொத்தா உதிரும், கைகால் எரிச்சல், மருத்துவர்கள் வேற வேற நோய்னு நினைச்சுக் குழம்புவாங்க.

1977ல் கத்தாரில் இருந்து 19 மாதக் குழந்தையை லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்குக் கொண்டு வந்தாங்க. நோய் என்னன்னே பிடிபடலை. அங்கே ஒரு செவிலியர் அந்த நாவலைப் படிச்சுக்கிட்டு இருந்தார். குழந்தையின் முடி உதிர்வதைப் பார்த்து 'இது தேலியமா இருக்குமோ?'ன்னு கேட்டார். சோதிச்சா அதேதான். வீட்டில் பூச்சிக்கு வச்ச மருந்து. குழந்தை பிழைச்சது. மருத்துவ இதழில் எழுதின கட்டுரையில் கிறிஸ்டிக்கும் நன்றி சொல்லியிருந்தாங்க.

24/
அதே தேலியம் இன்னொரு கதையிலும் இருக்கு. கிரஹாம் யங். 14 வயசில் வீட்டில் இருந்தவங்களுக்கே விஷம் வச்சு மாட்டினவன். வயசைக் கூட்டிச் சொல்லி, பள்ளிச் சோதனைக்குன்னு சொல்லி, நோட்டில் பதிஞ்சு வாங்கின விஷம். மனநல மருத்துவமனையில் 9 வருஷம் இருந்துட்டு 1971ல் வெளியே வந்தான். பாவிங்டன் ஊரில் வேலை கொடுத்த கம்பெனிக்கு அவன் எதுக்காக உள்ளே இருந்தான்னு யாரும் சொல்லலை. டீ கொடுக்கும் பொறுப்பும் அவன்கிட்ட. ரெண்டு பேர் செத்தாங்க, பலர் நோயில் விழுந்தாங்க.

நோட்டு இருந்தா மட்டும் போதாது. எழுதினதை யாராவது சரிபார்க்கணும். தகவல் போக வேண்டிய இடத்துக்குப் போகணும். இல்லைன்னா வெறும் காகிதம்.

25/
இவ்வளவு நேரம் கொலை பத்திப் பேசினோம். ஆனா இன்னைக்கு எங்க அவசரப் பிரிவுக்கு விஷத்தோட வருவோரில் பெரும்பாலானோர் கொலை முயற்சிக்கு ஆளானவங்க இல்லை. ஒரு சண்டை, ஒரு மார்க்‌ஷீட், ஒரு கடன் நோட்டீஸ். கோபத்தில், அவமானத்தில், ஒரு நிமிஷ வெறுப்பில் கைக்கு எட்டினதை எடுத்தவங்க. கண் முழிச்சதும் நிறையப் பேர் சொல்றது ஒண்ணுதான்: 'டாக்டர், எப்படியாவது காப்பாத்துங்க.'

அந்த நிமிஷத்தில் கைக்கு எட்டினது எதுங்கிறதுதான் உயிரா சாவான்னு தீர்மானிக்குது.

26/
இதுக்கு உலகத்துக்கே பாடம் சொன்ன நாடு இலங்கை. 1995ல் அங்கே ஒரு லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை. உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. பெரும்பாலும் பூச்சிமருந்து.

அந்த 1995ல் மிகக் கொடிய வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செஞ்சாங்க. 1998ல் எண்டோசல்ஃபான். பிறகு 2008 முதல் 2011 வரை இன்னும் மூணு. 2005க்குள் தற்கொலை விகிதம் பாதியாச்சு. 1996 முதல் 2005 வரையான பத்து வருஷத்தில், அதுக்கு முந்தின பத்து வருஷத்தை விடச் சுமார் 20,000 மரணங்கள் குறைவு.

27/
கவனிங்க. அந்த வருஷங்களிலும் போர் நடந்தது, வறுமை இருந்தது, குடும்பச் சண்டையும் இருந்தது. விஷம் குடிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க எண்ணிக்கைகூட பெருசா குறையலை. வந்தவங்க பிழைச்சாங்க. பொருள் மாறினதால் ரெண்டாவது வாய்ப்பு கிடைச்சது. விளைச்சலும் குறையலைன்னு ஆய்வு செஞ்சு பார்த்தாங்க.

'சாகணும்னு நினைச்சவன் எப்படியும் சாவான்'னு சொல்றோமே, அது தப்பு. 1851ல் கரிப்பொடி கலந்தவங்களுக்குத் தெரிஞ்ச உண்மை இது.

28/
நம்ம நாட்டில்? அந்த நோட்டு இங்கேயும் இருக்கு. 1919லேயே விஷங்கள் சட்டம் உண்டு. 2013ல் ஆசிட் வீச்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஆசிட் விற்றா வாங்கறவர் முகவரியை நோட்டில் பதியணும், அடையாள அட்டை பார்க்கணும், 18 வயசுக்குக் கீழே விற்கக் கூடாது. 1851 சட்டத்தின் பேரன் மாதிரி இருக்கு இல்லையா?

2014 மார்ச் முதல் 'ஹெச்1' பட்டியல் மருந்துகளுக்கும் தனி நோட்டு. வீரியமான ஆன்டிபயாட்டிக், காசநோய் மருந்து, பழக்கமாகும் சில மருந்துகள். மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் எழுதி 3 வருஷம் வைக்கணும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்டா கோபப்படாதீங்க. அது உங்களுக்கான பாதுகாப்பு.

29/
தமிழக அரசு 2022 இறுதியில் ஆறு பூச்சிமருந்துகளுக்கு 60 நாள் தடை போட்டது. ஏன் 60 நாள்? 1968 பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநில அரசால் தற்காலிகமாத்தான் தடை போட முடியும். நிரந்தரத் தடை மத்திய அரசு கையில். இலங்கை செஞ்சதை நாமும் செய்யணும்னா இந்த இடத்தில்தான் தட்டணும்.

எலி பேஸ்ட் பத்தியும் சொல்லணும். மஞ்சள் பாஸ்பரஸ் உள்ளது. சாப்பிட்டவர் முதல் நாள் வாந்தி எடுப்பார், அடுத்த நாள் நல்லா இருப்பார், சிரிச்சுப் பேசுவார். 'சரியாயிடுச்சு'ன்னு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்புறம்தான் கல்லீரல் செயலிழக்கும். அந்த அமைதியான நாளை நம்பாதீங்க.

30/
கடைசியா, நீங்க செய்ய வேண்டியது:

எலி மருந்து, பூச்சிமருந்து வீட்டுக்குள் வேண்டாம். வச்சே ஆகணும்னா பூட்டி வைங்க. குளிர்பான பாட்டிலில் ஊத்தி வைக்கவே வைக்காதீங்க.

யாராவது எதையாவது சாப்பிட்டுட்டா, அறிகுறி இல்லைன்னாலும் உடனே ஆஸ்பத்திரி. உப்புத் தண்ணி, சோப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க, நுரையீரலுக்குள் போயிடும். டப்பாவையும் கையோட எடுத்துட்டு வாங்க. திட்டாதீங்க, கேள்வி கேட்காதீங்க. அதுக்கெல்லாம் பிறகு நேரம் இருக்கு.

மனசு பாரமா இருந்தா 104 அல்லது 14416 எண்ணில் பேசுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க.

31/
பாய்ரோ எவ்வளவு பெரிய மூளைக்காரர்னாலும் அவர் வீட்டுக்குள் வரும்போது ஒரு உயிர் போயிருக்கும். கதைக்கு அது தேவை, நாமளும் ரசிக்கிறோம். நிஜ வாழ்க்கையில் நமக்கு வேண்டியது அதுக்கு முன்னாடியே வேலை செய்ற ஏற்பாடு. ஒரு நோட்டு, கொஞ்சம் கரிப்பொடி, ஒரு தடை உத்தரவு, வீட்டில் ஒரு பூட்டு.

இந்த வார இறுதியில் ஸ்டைல்ஸ் எபிசோடைப் பாருங்க. மருந்துக் கடைக் காட்சி வரும்போது அந்த நோட்டைக் கொஞ்சம் கவனிங்க. கொலைகாரன் யார்னு கமென்டில் மட்டும் போட்டுடாதீங்க, பார்க்காதவங்க இருக்காங்க.